அப்பளத்தின் மேல் ஒரு நேர்கோடு

மழை பெய்து ஓய்ந்த சாலையில் போளூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை. பைக்குள் லுங்கி, சட்டை, போர்வை, போன் சார்ஜர். ஆரணியின் கடைசிப் பெட்ரோல் பங்கும் பின்னால் போய்விட்டது. பேருந்துகள் தாண்டிப் போயின. ஒரு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். நான் கை காட்டவில்லை. ஒரு வேலையை விட்டு வந்தால் கொஞ்ச தூரமாவது நடப்பது என் வழக்கம். உட்கார்ந்தபடியே ஓர் ஊரை விட்டுப் போனால் அந்த ஊரும் கூடவே வருகிற மாதிரி இருக்கும்.

ஆரணியில் வேலை பார்த்த பட்டுக் கடையை நான் விட்டேன் என்றும் சொல்லலாம், விரட்டினார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான். ஆனால் மனதில் வருத்தம் இல்லை. நடந்துகொண்டே இரண்டு மூன்று முறை தனியாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

என்னை அப்படிச் சிரிக்க வைத்த பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆரணியில் பட்டு நெசவு செய்த வீட்டில் பிறந்தவர். வடிவியலில் ஆராய்ச்சி செய்கிறவர். ஊரில் அவரை டீச்சரம்மா என்பார்கள், அவர் பள்ளியில் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதை அவரிடம் காட்ட வேண்டியிருக்கும். காட்டினால், "இது நடந்தது செவ்வாக்கிழமை இல்லை, இதை நான் இப்படிச் சொல்லலை, இது பாதிதான் சரி" என்று ஓரமெல்லாம் எழுதித் திருப்பி அனுப்புவார். பிறகு இதில் ஒன்றும் மிஞ்சாது.

நான் அவரை முதலில் பார்த்தது புனேயில். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் உணவகத்தில் சமையல் உதவிக்கு இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தேசூர்ப் பக்கம். ஏழாவதோடு நின்றவன். செங்கல் சூளை, லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றி, ஒரு ஒப்பந்தக்காரர் பிடித்துப் போட்ட இடம் அது. ஒருநாள் பரிமாறும் மேசைக்குப் பின்னால் நின்று தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தட்டோடு நின்ற ஒரு பெண் என்னையே பார்த்தார்.

"எந்த ஊரு நீங்க? வந்தவாசியா, ஆரணியா?"

"தேசூருங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"'சாப்ட்டுகினு இருக்கேன்'னு சொன்னீங்களே. இந்த ஊர்ல அதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. நான் ஆரணி."

சந்தோஷத்தில் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினேன். சாப்பிட்டு முடித்துத் தட்டை வைக்க வந்தவரிடம், சாம்பார் எப்படி என்று கேட்டேன். ஊர்க்காரர் என்ற உரிமையில் கேட்டது.

"நல்லா இல்லைங்க. ரசம் நல்லா இருந்துச்சு."

அந்த உணவகத்தில் சாப்பிட்ட எல்லோரும் சூப்பர் என்பார்கள், பாதியைக் குப்பையில் கொட்டுவார்கள். இவர் நல்லா இல்லை என்றார், தட்டில் ஒரு பருக்கை இல்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. மறுநாள் புளியைக் குறைத்தேன். அவர் வந்து சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு தேவலை" என்றார். அந்தத் தேவலைக்காக நான் அடுத்த நாளும் புளியைக் கவனித்தேன்.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெரிய படிப்பாளிகள். இவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒரு மதியம் கூட்டம் குறைந்தபோது கேட்டேன். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"ஜியாமெட்ரி" என்றார்.

"வட்டம், முக்கோணம், அதா?"

"அதேதான். ஆனா தட்டையான இடத்துல இல்லை." எண்ணெயைக் காட்டினார். "அப்பளத்தைப் பாருங்க. ஓரம் நடுவை விட அதிகமா விரியுது. விரியறதுக்கு இடம் பத்தலை. அதனால நெளியுதில்ல? எல்லா இடமும் அந்த ஓரம் மாதிரியே நெளிஞ்சிகினு இருக்குற ஒரு பரப்பு இருந்தா, அதுமேல ஒரு எறும்பு தலையைத் திருப்பாம நேரா போய்க்கினே இருந்தா எங்க போகும்? கிளம்புன இடத்துக்கே திரும்பி வருமா, இல்லை வராமயே சுத்திகினு இருக்குமா? அதைப் பார்க்கறதுதான் என் வேலை."

"நான் வராத ரகம் மேடம்."

"பெரும்பாலான கோடு வராத ரகம்தாங்க" என்று சிரித்தார்.

"சரி, இதனால ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

இதே கேள்வியை நான் அங்கே வேறு சிலரிடமும் கேட்டிருக்கிறேன். செயற்கைக்கோள், செல்போன், புற்றுநோய் மருந்து என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "தெரியலைங்க" என்றார். "எனக்குப் புடிச்சிருக்குது. வேற ஒண்ணும் இப்ப சொல்ல முடியலை."

அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். உள்ளே பூரிக்கு மாவு பிசைகிறோம்.

"அண்ணா, நேத்து அப்பளம்னு சொன்னேன் இல்ல? அது முழுசா சரியில்லை. அப்பளத்துல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி நெளியும். நான் சொல்ற பரப்புல எங்க பார்த்தாலும் ஒரே அளவுதான். கிட்டத்தட்டன்னு வெச்சிக்குங்க."

இதைச் சொல்லத்தான் எட்டு மணிக்கு முன்னால் வந்திருந்தார். உணவகம் திறந்திருக்கவில்லை. பூரி கூடக் கேட்காமல் போய்விட்டார். என்னோடு வேலை செய்த பீகார்க்காரர், மேடத்துக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டார். அப்பளம் சரியில்லையாம் என்றேன். நேற்றைக்குச் சாப்பிட்டாரே என்றார் அவர்.

இவர் நிரந்தர வேலையில் இருக்கிற பேராசிரியர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் அறையிலிருந்த புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டுவதற்கு உதவப் போனேன். எங்கே மாற்றம் என்று கேட்டேன்.

"மாத்தம் இல்லைங்க. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். முடிஞ்சிடுச்சு."

"உங்களுக்கும் கான்ட்ராக்டா?"

"எல்லாருக்கும்தான். இப்ப ஜெர்மனியில ஒரு வருஷம். அப்புறம் எங்கன்னு தெரியாது."

நான் கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்தேன். சூளையில் சீசன் முடிந்தால் அடுத்த சூளை தேடுவது எனக்குத் தெரியும். இவ்வளவு படித்தவர்களும் அப்படித்தான் ஊர் ஊராகப் போகிறார்கள் என்பது தெரியாது. அந்த நேரத்தில் அவர் எனக்கு மேடமாகத் தெரியவில்லை. கூட வேலை செய்கிற ஆளாகத் தெரிந்தார்.

ஒரு நேர்காணலுக்குப் போன கதையை அவர் அன்றுதான் சொன்னார். வேறோர் இடத்தில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். பெரிய மேசை, சுற்றிலும் ஆட்கள். கடந்த ஆண்டு என்ன சாதித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னேன். போன வழியெல்லாம் அடைச்சிகினு இருந்துச்சு. எங்கெங்க அடைச்சிருக்குதுன்னு வேணா சொல்றேன்னு சொன்னேன்."

"வேலை குடுத்தாங்களா?"

"குடுப்பாங்களா?" அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. "எங்கம்மாகிட்ட சொன்னேன். 'ஒரு பொய்யி சொன்னா வாயி வெந்தாடி போயிடும்'னு கேட்டாங்க."

அதே பதிலைத்தான் பிறகு பெங்களூரிலும் சொன்னாராம். அங்கே இருந்த ஒரு வயதானவர், அந்த அடைத்த வழிகளை எல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னாராம். இவருக்குப் படம் போட வராது. அவர் போடுகிற வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கிழங்குகளைப் பார்த்தபடி வயதானவர் மதிய உணவுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாராம். அந்த இடத்தில்தான் நிரந்தர வேலை கிடைத்தது. இது பல ஆண்டுகள் கழித்து நடந்தது. எனக்குப் போனில் சொன்னார். என் போன் எண் மாறும்போதெல்லாம் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். பொங்கலுக்கு அவர் பேசுவார். அவ்வளவுதான் பழக்கம்.

புனேயில் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. ஒரு கருத்தரங்கில் தேநீர் கொடுக்கப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மேடையில் பேசுகிறார், இவர் பெயர் அடிக்கடி வருகிறது. எல்லோரும் இவர் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். இவர் எழுந்து ஏதோ சொன்னார், கைதட்டல் நின்றுபோனது. என் பக்கத்திலிருந்த மதுரைப் பையனிடம் என்ன என்று கேட்டேன். அந்தக் கண்டுபிடிப்பு முழுக்க இவருடையது என்று மேடையில் பேசியவர் சொன்னாராம். முதல் அடி வேறொரு பெண் வைத்தது, அவர் இப்போது ஆராய்ச்சியை விட்டுப் போய்விட்டார், அவர் பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு என் பெயரைச் சொல்லுங்கள் என்றாராம் இவர். மேடையில் இருந்தவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் தட்டைக் கையில் வைத்தபடி நின்றேன். இவர் எங்கள் பக்கத்து ஆள் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். தேசூருக்கும் ஆரணிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு நான் ஆரணிக்கே வேலைக்கு வந்தேன். ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுவது, மடிப்பது, மூட்டை தூக்குவது. முதலாளி நல்லவர். ஆட்களை அதட்டமாட்டார், காய்ச்சல் என்றால் வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்புவார். அந்த ஆண்டுதான் டீச்சரம்மாவுக்கு நாட்டிலேயே பெரிய கணித விருது ஒன்று கிடைத்தது. செய்தித்தாளில் படம் வந்தது. அவரை எனக்குத் தெரியும் என்று கடையில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அவர் ஒருநாள் கடைக்குள் வந்து, "அண்ணா, சாம்பாரை விட்டுட்டு புடவைக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நம்பினார்கள்.

அவர் வந்தது புடவைக்கு இல்லை. முதலாளியிடம் ஒரு அறை கேட்க. கடைக்கு மேலே மாடியில் ஒரு பெரிய அறை பூட்டிக் கிடந்தது. பள்ளி முடித்த பெண்பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், கணக்கு பிடிக்கும் ஆனால் கேட்க ஆளில்லை என்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார ஓர் இடம். தன் மாணவர்களை அனுப்புவார், விடுமுறையில் தானும் வருவார். இது அவருக்கு வெகுநாள் ஆசை என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். முதலாளி அந்த நிமிடமே சரி என்றார். மாடிக்கு மின்விசிறி போட ஆள் வந்தது. பெஞ்சு வந்தது. ஊரே கூடிப் பாராட்டு விழா வைக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

அங்கேதான் அன்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. முதலாளி ஒரு புதுப் புடவை நெய்யச் சொன்னார். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, முந்தானை முழுக்க அலை அலையாகக் கோடு. அதற்கு ஜியாமெட்ரி பட்டு என்று பெயர். விழா நடக்கும் மண்டபத்து வாசலில் பெரிய பேனர். ஒரு பக்கம் அவர் படம், ஒரு பக்கம் தறி. நடுவில் எழுத்து: தந்தையின் தறியில் பிறந்த தேற்றம்.

விழா அன்று காலை பேனரைக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஏணியில் இருந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கியவர் நின்று படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். முதலாளி சிரித்தபடி வந்தார்.

"எப்படி இருக்குது டீச்சரம்மா?"

"படம் நல்லா இருக்குதுங்க. ஆனா அந்த வரி சரியில்லை."

"எழுத்துப் பிழையா?"

"இல்லைங்க. என் வேலை தறியில இருந்து வரலை. எனக்குத் தறியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்கப்பா என்னைத் தறிகிட்டயே விட்டதில்லை."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஒரு வரிதானேம்மா. நம்ம ஊருக்குப் பெருமை. உங்கப்பாவுக்குப் பெருமை. இதுல யாருக்கு நஷ்டம் சொல்லு."

டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஏணியில் இருந்த என்னைக் கை காட்டினார்.

"இவரு வீட்டுல தறி இல்லைங்க. இவரு ஊர்ல ஒரு வீட்டுலயும் இல்லை. அந்த ஊருப் பொண்ணு இதைப் படிச்சா இன்னா நினைக்கும்? 'அவங்க தறி வூட்டுப் பொண்ணு, அவங்களுக்கு ரத்தத்துலயே கீது, நமக்கு வராது'ன்னு நினைக்கும். நான் ரூம் கேட்டதே அந்தப் பொண்ணுக்குத்தானே?"

"அதெல்லாம் யாரும்மா அப்படி யோசிக்கப் போறாங்க? பேனர் அடிச்சாச்சு. மந்திரி வராரு. இப்பப் போயி பேஜார் பண்ணாதே."

"கழட்ட வேணாம். நான் மேடையில சொல்லிக்கிறேன்."

"மேடையிலயா?" முதலாளி அவரைப் பார்த்தார். கோபமாக அல்ல, அடிபட்ட மாதிரி. "அப்ப மாடி ரூமையும் நம்ம கொஞ்சம் யோசிக்கணும்மா."

"சரிங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மேலே நின்ற எனக்குக் கேட்டது.

மதியம் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அவருடைய அப்பா, வெள்ளைச் சட்டை, புதுக் கண்ணாடி. பக்கத்தில் அம்மா, மகள் என்ன பேசுவாளோ என்ற பயத்தில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் அந்த வரியை இழுத்து இழுத்துப் படித்தார். கைதட்டல். மைக் இவர் கைக்கு வந்தது.

ஊருக்கும் முதலாளிக்கும் நன்றி சொன்னார். மாடி அறைக்கு மின்விசிறி போட்டது வரை சொல்லி நன்றி சொன்னார். பிறகு அதே குரலில், "வெளிய பேனர்ல இருக்குற வரி நெசம் இல்லைங்க" என்றார். தறியிலிருந்து எதுவும் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை, தறி இல்லாத வீட்டிலும் இது வரும், கணக்கு போடப் போட வருகிறது, தப்பாகப் போட்டுப் போட்டு வருகிறது, தனக்கு அப்படித்தான் வந்தது என்றார்.

 மேடையில் மந்திரியும் மற்றவர்களும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். அப்போது முன்வரிசையில் அவருடைய அப்பா எழுந்தார். மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது.

"பாப்பா சொல்றது கரெக்டுதாங்க. நான்தான் விடலை. தறிகிட்ட வந்தா நூலை அறுத்து வெச்சிடும். 'போயி அந்த மூலையில உக்காந்து படி'ன்னு விரட்டினேன். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

சொல்லிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கிய மாதிரி உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. கடைச் சீருடையில் பின்னால் நின்றவன் கை தட்டினேன். முதலில் நான் மட்டும்தான் தட்டினேன். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. முழு மண்டபமும் தட்டியது என்று சொல்லமாட்டேன். பாதி இருக்கும்.

மேலாளர் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்யா, உன் சோத்துல நான் மண்ணைப் போட்டேனா? எதுக்குய்யா மொத ஆளா தட்டுன?"

"சரியாச் சொன்னாங்க மொதலாளி. கை தானா தட்டுச்சு."

"அப்ப அந்தக் கையை எடுத்துகினு கிளம்பு."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாடியிலிருந்து பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. அறை போய்விட்டது. அதுவும் அவருக்குத் தெரிந்தே போனது. அதை நினைத்துத்தான் மழை ஓய்ந்த சாலையில் நடந்தேன். வேலை போனதற்குச் சிரிப்பு வந்ததா, இந்த மாதிரி ஓர் ஆள் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாரே என்பதற்கு வந்ததா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இருட்டிய பிறகு ஒரு டெம்போக்காரர் ஏற்றிக்கொண்டார். போளூர் பேருந்து நிலையத்தில் படுத்தேன். காலையில் குழாயில் முகம் கழுவும்போது போன் அடித்தது.

"அண்ணா, கடையில கேட்டேன். என்னால வேலை போச்சா?"

"பாதி உங்களால, பாதி என் கையால."

"எங்க இருக்கீங்க?"

"போளூர்ல."

 போளூர் என்றதும் வேகமாகப் பேச ஆரம்பித்தார். நேற்று விழா முடிந்து ஒரு அம்மா வந்தாராம். போளூரில் மாவு மில் வைத்திருக்கிறார். மகள் கணக்கு படிக்கிறாள், சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அவளோடு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி எங்கே நடத்துவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இடம் இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். மில்லுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறதாம்.

"மூட்டையா அடுக்கி வெச்சிருக்காங்க. ஃபேன் இல்லை. மில்லு ஓடுனா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. அந்தம்மாவுக்கு மில்லுல ஒரு ஆளும் வேணுமாம். சம்பளம் கடையில வாங்குனதை விடக் கம்மி. தூசி ஜாஸ்தி, இருமல் வரும். அந்தம்மா கொஞ்சம் கோவக்காரின்னு அவங்க பொண்ணே சொல்லுது. நல்ல வேலைன்னு சொல்ல மாட்டேன். போயி பார்க்கிறீங்களா?"

இப்படி ஒரு வேலைக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வழி கேட்டுப் போனேன். மில்லில் அரிசி மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தலையில் துண்டு கட்டியிருந்தார், புருவம் வரை மாவு. நான் வந்த காரணத்தைக் கத்திச் சொன்னேன்.

"முன்ன எங்க வேலை பார்த்த? ஏன் வுட்ட?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வேன். அம்மா செத்துப் பல வருடம் ஆகிறது.

"கை தட்டுனேங்க. அனுப்பிட்டாங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நேற்று மண்டபத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர். மில்லை நிறுத்தினார். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். கூரை வரை தவிட்டு மூட்டைகள், இரண்டு பேர் நிற்கக்கூட இடமில்லை.

"ஜல்தியா ஆகணும். ஞாயித்துக்கிழமை புள்ளைங்க வருது" என்றார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதல் மூட்டையை இறக்கினேன்.